ஆறாம் பருவம், முதல் மணி

எட்டு மணிக்குத் தொடக்கம்.
ஏழே காலுக்கே உப்பு லாரியை ஷெட்டில் விட்டேன்.
"ஏரிப் பக்கம் பனி திரளுது மார்லிஸ், இன்றைக்குப் போயா?"
என்றான் மேலாள் ஆர்வில்.
"பத்து மணிக்கு வருகிறேன்.
அதுவரை டுலூத் நகரம் வழுக்கி விழட்டும்."

எட்டு மாதம் சும்மா இல்லை.
எதிர்வீட்டு ரென்னிக் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து
தவழவும் தொடங்கிவிட்டது.
கலங்கரை விளக்கத்தின் உச்சி அறையில்
அந்தச் சிவப்புத் தொலைபேசி மட்டும்
போன மே மாதம் அடித்தபடியே
அடித்துக்கொண்டிருந்தது, என் மண்டைக்குள்.

ஐந்து பருவம். எண்பத்தெட்டு வாரம்.
ஒருத்தரும் எடுக்கவில்லை.
ஆளில்லாமல் கரை ஒதுங்கிய படகு,
அதன் மேசையில் சூடு ஆறாத காப்பி,
பெட்டி நிறையக் கையுறைகள், எல்லாம் இடக்கைக்கு.
டுவேனும் நானும்
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
போட்ட முடிச்சுகளை அவிழ்த்து நீட்டினால்
கயிறு கனடா வரை போகும்.

டுவேன் பெல்க்கி.
முதல் இரண்டு பருவத்துக்கு என் கணவன்.
மூன்றாவதின் நடுவில் நீதிமன்றம் போனோம்.
வீடு எனக்கு.
உறைந்த ஏரியில் இழுத்துப்போகும் மீன்குடிசை அவனுக்கு.
நாய் தானாகவே அவன் வண்டியில் ஏறிக்கொண்டது.
விளம்பர இடைவேளையில் பேசிக்கொள்வதை மட்டும்
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
எழுதாததால் ரத்தாகவும் இல்லை.

முதல் இடைவேளை:
"டாக்டர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான்."
"பார்த்தேன். கோப்பை இடம் மாறியிருக்கு."
"அந்தக் கோப்பைதானா அது?"
நலமா என்று கேட்பதில்லை. இரண்டரை நிமிடம்தான்.

இரண்டாம் இடைவேளை:
எதையோ மென்றுகொண்டே
ஊரே மூழ்கிப்போன ஊர் என்கிறான்,
எல்லாரும் எப்போதோ செத்தவர்கள் என்கிறான்.
ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொல்கிறான்.

எட்டு ஐம்பத்தொன்றுக்கு
படகோட்டியின் மனைவி படியேறினாள்.
எண்ணினேன்.
எழுபத்திரண்டு என்று நான்காம் பருவத்தில் சொன்னார்கள்.
இன்றைக்கு அறுபத்தொன்பதுதான்.
கதவு. தூசி. சிவப்பு.
எடுத்தாள்.
கடவுளே, எடுத்தேவிட்டாள்!

மறுமுனையில் யாரோ மூச்சிழுத்து
"கூப்பிட்டது நீதானே" என்றார்கள்.
திரை கருத்தது.

அடப் பாவிகளா.
கிணறு வெட்டச் சொன்னால்
பூதத்தைக் கூப்பிட்டுக் காப்பி ஊற்றுகிறீர்களே.
சோள்ப்பொரிக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன்,
பிளாஸ்டிக், எகிறித் திரும்பி வந்தது.
சிரிப்பும் வந்தது. நிற்கவில்லை.

அப்போது என் சமையலறைத் தொலைபேசி அடித்தது.
நிகழ்ச்சி முடிந்த பிறகு
அவன் ஒருநாளும் அழைத்ததில்லை.
மூன்று மணி அடிக்க விட்டேன். எடுத்தேன்.

"இன்னும் பதினேழு வாரம்" என்றான்.
"எனக்கும் எண்ணத் தெரியும்."
நாய் எங்கோ சொறிந்துகொள்ளும் சத்தம்.
"எல்லாத்தையும் சொல்லிடுவாங்க, இல்ல?"
"சொல்லுவாங்க."
"அப்புறம்?"

பனி ஜன்னலில் விழுவது காதில் கேட்காது.
கேட்டதுபோல் இருந்தது.

"மூன்று படி குறையுது, டுவேன்."
"என்ன?"
"கலங்கரைப் படி. எண்ணிப் பார்."
"பதிவு பண்ணியிருக்கேன்" என்றான்.
"திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வைக்காதே."
வைக்கவில்லை.
பாதியில் நாய் குரைத்து அவனுக்குக் கணக்குத் தப்பியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

பத்தே காலுக்குக் கலப்பையை இறக்கினேன்.
ஆர்வில் தந்த வரிசையில்
டுவேன் இருக்கும் தெரு நாற்பத்தோராவது.
முதலில் அங்கே போனேன்.
மாடியில் நீல வெளிச்சம்,
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஹாரன் அடிக்கவில்லை.
உப்பு கொஞ்சம் தாராளமாகத்தான் விழுந்தது.
நகராட்சியில் கேட்டால்
அங்கே ஒரு வளைவு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்.